யார் ஜாடை?

ஒரு வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், நம் ஊர்ப் பெண்மணிகள் யாரும் வெறுங்கையோடு போய்ப் பார்க்கமாட்டார்கள். ஒரு கிலுகிலுப்பையோ, பூப் போட்ட சட்டையோ வாங்கிக்கொண்டு போவார்கள். போனதும் தொட்டில் துணியை மெல்ல விலக்கிப் பார்ப்பார்கள். உடனே வரும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

“குழந்தை யார் ஜாடை?”

பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். “மூக்கு அப்படியே பாட்டி மூக்கு! நெற்றி மட்டும் அப்பாவைக் கொண்டிருக்கிறது.” கூடம் முழுவதும் சிரிப்பு. தாயாருக்குப் பெருமை தாங்காது.

இதே கேள்வியைச் சில வீடுகளில் கேட்டால் சிரிப்பு எழுவதில்லை. தாயார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “காபி கொண்டு வருகிறேன்” என்று உள்ளே போய்விடுவாள். அவள் கணவர் பத்திரிகையைப் பிரித்துக்கொள்வார். அந்தக் குழந்தை அவர்கள் தத்தெடுத்த குழந்தை. கேட்டவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. இருந்தாலும் அந்தக் கூடத்தில் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது.

சகோதரிகளே, அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். பெறாத குழந்தையிடம் பெற்ற பாசம் வருமா? வந்தால் நிலைக்குமா? நாளைக்கு உண்மை தெரிந்ததும் குழந்தை நம்மை உதறிவிட்டுப் போய்விடாதா? தத்தெடுக்க நினைக்கும் ஒவ்வொரு பெண்ணின் மனத்திலும் இந்த மூன்று கேள்விகள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. வெளியே சொல்லத்தான் கூச்சம்.

துளசிச் செடியின் அடியில்

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்துக்குப் போனால் போதும். துளசிச் செடியின் அடியில் கிடைத்த பெண் குழந்தையை எடுத்துக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார் பெரியாழ்வார். அந்தக் குழந்தையைத்தான் இன்று ஆண்டாள் என்று கும்பிடுகிறோம். அதே பெரியாழ்வார், யசோதையின் மனத்தோடு கண்ணனைக் குளிப்பாட்டியும், காது குத்தியும், நிலாவைக் காட்டியும் பாடியவர். கண்ணனைப் பெற்றவள் தேவகி. ஆனால் தாலாட்டும் தாய்க்கு உதாரணமாக நம் நாவில் முதலில் வருகிறவள் யசோதைதானே!

மகாபாரதத்துக் கர்ணனையும் நினைத்துப் பாருங்கள். ஆற்றில் வந்த பெட்டியிலிருந்து அவனை எடுத்து வளர்த்தவள் தேரோட்டியின் மனைவி ராதை. யுத்தம் நெருங்கிய வேளையில், ‘நீ குந்தியின் மகன், ராஜ்யம் உனக்கே’ என்று கண்ணன் ஆசை காட்டுகிறான். கர்ணன் அசையவில்லை. தன்னைச் சீராட்டி, மலஜலம் எடுத்து வளர்த்த ராதைக்குத் தான் பட்ட கடனை எண்ணுகிறான். ‘ராதேயன்’ என்ற பெயரே அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் இதில் நாம் கவனிக்கவேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. கர்ணனின் துயரத்துக்குக் காரணம் ராதையின் வளர்ப்பு என்று எந்தக் கதாகாலட்சேபத்திலும் சொல்லக் கேட்டிருக்கமாட்டீர்கள். உண்மை அவனுக்கு வெகு காலம் தாழ்ந்து வந்ததுதான் துயரம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மறுபடியும் வருகிறேன்.

வீட்டுக்குப் பிள்ளையா, பிள்ளைக்கு வீடா?

நம் பாட்டிமார் காலத்துச் சுவீகாரம் வேறு மாதிரி. பிண்டம் போடவும், சொத்தை ஆளவும் ஓர் ஆண் பிள்ளை வேண்டும். பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை மடியில் உட்கார்த்தி ஹோமம் வளர்ப்பார்கள். பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுப்பது பொதுவாகச் சாஸ்திரத்தில் இடம் பெறாத சங்கதி. அந்தக் குழந்தையின் மனத்தில் என்ன ஓடிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1956-ல் வந்த இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் இதைப் பெரிதும் மாற்றியது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. மணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் பெயரிலேயே தத்தெடுக்கலாம். கணவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்றது. (கணவனோடு வாழும் பெண் தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமைக்கு மட்டும் 2010 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது!) முறைப்படி எடுத்த தத்தை ரத்துச் செய்ய முடியாது என்றும் அந்தச் சட்டம் எழுதி வைத்தது. பெற்ற குழந்தையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

1992-ல் சேலத்தில் தமிழ்நாடு சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தது. பிறந்த பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க வேண்டும். வளர்க்க முடியாதவர்கள் தொட்டிலில் விட்டுவிட்டுப் போகட்டும், சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. அப்படி வந்த குழந்தைகளில் பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பிறகு எல்லா மதத்தினருக்கும் பொதுவாக 2015-ல் சிறார் நீதிச் சட்டம் வந்தது. இன்று மத்திய தத்து ஆதார ஆணையத்தின் வழியாகப் பதிவு செய்து, சமூக சேவகர் வீட்டுக்கு வந்து விசாரித்து, முறை வந்ததும் குழந்தையைப் பார்த்து அழைத்து வருகிறார்கள். தத்து உத்தரவு போடுவது 2022-லிருந்து ஜில்லா கலெக்டரின் பொறுப்பு. அதன் பிறகும் இரண்டு வருஷ காலம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பிள்ளை தேடினார்கள். இந்தக் காலத்தில் பிள்ளைக்கு வீடு தேடுகிறார்கள். எவ்வளவு பெரிய மாறுதல், பார்த்தீர்களா?

கம்பித் தாயும் துணித் தாயும்

போகட்டும், சட்டம் உறவை எழுதித் தரும், பாசத்தை எழுதித் தருமா? பாசம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற மனோதத்துவ நிபுணர், குட்டிக் குரங்குகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களோடு விட்டார். ஒன்று வெறும் கம்பியால் செய்தது. அதில் பால் புட்டி இருந்தது. மற்றொன்றில் மெத்தென்று துணி சுற்றியிருந்தது, பால் கிடையாது. குட்டிகள் என்ன செய்தன? பசித்தபோது கம்பித் தாயிடம் போய்ப் பாலைக் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. பயம் வந்தாலும் அதனிடமே ஓடின. 1958-ல் அவர் இதை வெளியிட்டார். பாவம், அந்தக் குட்டிகளை நினைத்தால் நமக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் கொடுத்தால் மட்டும் தாயாகிவிட முடியாது, அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவை உலகத்துக்குச் சொல்லிவிட்டன.

இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்ற டாக்டர் 1951-ல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக எழுதிய அறிக்கையில், குழந்தையின் மனம் செழிக்க ஒரே ஆளின் அன்பான, இடைவிடாத கவனிப்பு வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த ஆள் பெற்றவளாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அழுதால் யார் ஓடி வருகிறார்கள், யார் தோளில் சாய்ந்தால் தூக்கம் வருகிறது என்று குழந்தை ஒவ்வொரு நாளும் மனத்தில் குறித்துக்கொண்டே வருகிறது. ஏழெட்டு மாதத்துக்குள் ‘இவள்தான் என் ஆள்’ என்று தீர்மானம் செய்துவிடுகிறது. புதுமுகத்தைக் கண்டால் அப்போதுதானே அழ ஆரம்பிக்கிறது!

ஆகவே, ஒரு வயதுக்குள் தத்து வந்த குழந்தைகள், பெற்றவர்களிடம் வளரும் குழந்தைகளைப் போலவே வளர்ப்புத் தாயிடம் உறுதியாக ஒட்டிக்கொள்கிறார்கள் என்று ஹாலந்து ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துச் சொன்னபோது தாய்மார்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள்.

கொஞ்சம் வளர்ந்த குழந்தை வந்தால்? அங்கே பொறுமை வேண்டும். 1989-ல் ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு வீழ்ந்தபோது, ஏராளமான குழந்தைகள் அநாதை விடுதிகளில், தூக்குவாரும் கொஞ்சுவாரும் இல்லாமல் கிடந்ததை உலகம் கண்டது. அவர்களில் இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்த 165 பேரை மைக்கேல் ரட்டர் என்ற டாக்டரும் அவர் சகாக்களும் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குள் விடுதியை விட்டு வந்த குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்துவிட்டார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குச் சில சிரமங்கள் பெரியவர்களான பிறகும் இருந்தன. ஆனாலும் அவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தக் குறையும் இன்றித் தேறினார். நல்ல வீடு கிடைத்தால், காய்ந்த செடியும் துளிர்க்கிறது. சில செடிகளுக்கு மட்டும் அதிகக் காலமும் அதிகத் தண்ணீரும் வேண்டியிருக்கிறது.

விடுதியிலிருந்து வரும் மூன்று, நான்கு வயதுக் குழந்தை தலையணைக்கு அடியில் இட்லியை ஒளித்து வைக்கலாம். விழுந்தால் அழாமல் எழுந்து போகலாம். வாசலில் வரும் யாரோடும் கைகோத்துக்கொண்டு புறப்படலாம். ‘திருட்டுப் புத்தி’ என்றும் ‘கல்நெஞ்சு’ என்றும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கும் சாப்பாடு உண்டு என்பதையும், அழுதால் ஒருத்தி வருவாள் என்பதையும் அது இன்னும் நம்பவில்லை. தினமும் அதே வேளையில் சோறு, அதே கை, அதே மடி. நம்பிக்கை அப்படித்தான் வரும்.

முதல் நாளே வரவேண்டுமா?

தாயின் பக்கத்தையும் பார்ப்போம். எத்தனையோ வருஷம் ஏங்கி, காத்திருந்து குழந்தை வீட்டுக்கு வந்த அன்று இரவு, ‘எனக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை?’ என்று சில பெண்கள் திகைத்துப் போகிறார்கள். யாரிடமும் சொல்ல வெட்கம். ‘நான் தாயாக லாயக்கில்லாதவள்’ என்று தனியே அழுகிறார்கள்.

அவர்களுக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பத்து மாதம் சுமந்து பெற்றவர்களிலும் பலருக்கு முதல் நாள் களைப்புத்தான் தோன்றுகிறது. பாசம் பிறகு வருகிறது, பால் கலக்கும்போதும் ஜுரத்துக்கு விழிக்கும்போதும். பெற்றவளுக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது போல, தத்தெடுத்தவளுக்கும் வருவதுண்டு. பெற்றவளுக்கென்றால் ஊரே ஒத்தாசைக்கு வருகிறது. பத்தியச் சமையல் நடக்கிறது. தத்தெடுத்தவளை மட்டும், ‘உனக்கென்ன, உடம்பு நோகாமல் குழந்தை வந்துவிட்டது’ என்று தனியே விட்டுவிடுகிறோம். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போகத் தயங்க வேண்டாம்.

சொல்லலாமா, வேண்டாமா?

இனி, கர்ணன் கதைக்கு வருகிறேன். தத்தெடுத்த வீட்டில் பாசத்துக்கு வருகிற பெரிய ஆபத்து, என் அபிப்பிராயத்தில், ஒளித்து வைக்கும் பழக்கம்தான். ‘பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுகிறார்கள். கல்யாணக் கூட்டத்தில் ஒரு தூரத்து அத்தை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள். அல்லது அப்பா காலமான பிறகு, பீரோவில் இருக்கும் காகிதம் சொல்லிவிடுகிறது. பெறவில்லை என்ற செய்தியை ஒரு பெண் தாங்கிக்கொள்வாள். இத்தனை வருஷம் ஏமாற்றினார்கள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

2002-ல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒன்பதாவது பிறந்த நாளன்று உண்மையைச் சொல்கிறார்கள். அன்பான வீடுதான், ஆனாலும் அந்தச் சிறுமி எப்படி நொறுங்கிப் போகிறாள்! ஒன்பது வயது என்பது புதிதாகத் தெரிந்துகொள்ளும் வயது அல்ல. அதற்குள் ‘எனக்கு எப்போதோ தெரியுமே’ என்று சொல்லும்படி இருக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாயார் செய்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மாமி கர்ப்பமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அவளுடைய நாலு வயதுப் பெண் கேட்டாளாம்:

“அம்மா, நான் உன் வயிற்றிலே இருந்தபோது உதைத்தேனா?”

“நீ என் வயிற்றிலே இல்லையடி கண்ணு. வேறு ஓர் அம்மா வயிற்றிலே இருந்தாய். அவர்களால் உன்னை வளர்க்க முடியவில்லை. எங்களுக்கோ ஒரு குழந்தை வேண்டுமென்று கொள்ளை ஆசை. அப்பாவும் நானும் ரயிலேறிப் போய் உன்னை அழைத்துக்கொண்டு வந்தோம்.”

“ரயிலிலே நான் அழுதேனா?”

“ஊரே கூடும்படி அழுதாய்! அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டி முழுவதும் நடந்தார். விடியற்காலையில்தான் தூங்கினாய்.”

அன்றிலிருந்து இரவுதோறும், வடை திருடிய காக்காய்க் கதைக்குப் பதில் ரயில் கதைதான் வேண்டுமாம் அந்தப் பெண்ணுக்கு! எந்த ஸ்டேஷனில் அழுதாள், யார் பிஸ்கோத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். சில மாதம் கழித்து, “அந்த அம்மாவால் ஏன் முடியவில்லை?” என்று கேட்டாளாம். “எனக்கும் தெரியாதடி. கஷ்டம் இருந்திருக்கும்” என்றாளாம் தாயார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் உண்மைதானே!

பெற்றவளைப் பற்றி இளக்காரமாக மட்டும் பேசிவிடாதீர்கள். குழந்தையை முறைப்படி ஒப்படைக்கும் தாய்க்கு, மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சட்டம் இரண்டு மாதம் அவகாசம் கொடுக்கிறது. அவள் மனப் போராட்டத்தைச் சட்டமே மதிக்கிறது. அவளைப் பழித்தால், குழந்தை தன்னில் ஒரு பாதியைப் பழித்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், 1955-ல் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்டவர். வளர்த்த பால், கிளாரா தம்பதி அதை அவரிடம் மறைக்கவே இல்லை. ஆறேழு வயதில், எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி, ‘அப்படியானால் உன்னை உன் அப்பா அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா?’ என்ற அர்த்தத்தில் கேட்டுவிட்டாள். பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். பெற்றோர் அவன் கண்ணை நேராகப் பார்த்து, உன்னையேதான் வேண்டுமென்று எடுத்துக்கொண்டோம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். ஊர் வாய் குத்தியபோது ஓடி வர அவனுக்கு இடம் இருந்தது. மறைத்திருந்தால் எங்கே ஓடியிருப்பான்?

இன்னொரு எச்சரிக்கை. யாரோ தரகர் மூலமாக, பணம் கொடுத்து, காதும் காதும் வைத்தாற்போலக் குழந்தையை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. அப்படி வந்த குழந்தைக்கு ரயில் கதையைச் சொல்லவே முடியாது.

பதினைந்து வயதில்

வளர்ந்த பிறகு ஒரு நாள் வரும். பரீட்சையில் மார்க் குறைந்திருக்கும், நீங்கள் கண்டித்திருப்பீர்கள். “நீ என்ன, என்னைப் பெற்றவளா?” என்ற வார்த்தை சுரீரென்று வந்து விழும். நெஞ்சு பதறத்தான் செய்யும். அப்போது, “உனக்கு எவ்வளவு செய்தேன்!” என்று கணக்குப் பார்க்க ஆரம்பிக்காதீர்கள். பெற்ற பிள்ளையும் அந்த வயதில், “ஏன் என்னைப் பெற்றாய்?” என்று கேட்கிறான் அல்லவா? ஆயுதம் வேறு, சண்டை ஒன்றுதான். “பெறவில்லை, ஆனாலும் அம்மாதான். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா” என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனியுங்கள்.

தன்னைப் பெற்றவர் யார் என்று தேடும் ஆசையும் சிலருக்கு வரும். 18 வயது நிறைந்தவர்கள் அதற்காகத் தாங்களே விண்ணப்பிக்க இன்றைய விதிகள் இடம் தருகின்றன. இது நன்றிகெட்ட தனம் அல்ல. ஸ்டீவ் ஜாப்ஸும் தேடினார். ஆனால் கிளாரா மனம் வருந்தக்கூடாதென்று, 1986-ல் அவர் காலமான பிறகுதான், அதுவும் வளர்த்த தகப்பனாரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, பெற்றவளைத் தொடர்புகொண்டார். பாலும் கிளாராவும்தான் தம் பெற்றோர் என்பதைக் கடைசிவரையில் மாற்றிக்கொள்ளவில்லை. வேரைத் தேடிப் போகிற பிள்ளை வீட்டை விட்டுப் போகிறான் என்று அர்த்தம் இல்லை.

உற்றார் உறவினருக்கு

கடைசியாக, தத்தெடுக்காத நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. “ஏன், சொந்தக் குழந்தை இல்லையா?” என்று கேட்கிறோம். அப்படியானால் மடியில் இருப்பது யார் குழந்தை? “புண்ணியம் கட்டிக்கொண்டாய்” என்கிறோம். குழந்தை என்ன, கோவில் உண்டியலா? “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்” என்று நாம் எல்லோரும் தம்பி தங்கைகளைச் சீண்டியிருக்கிறோம். தத்து வந்த குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வேடிக்கை முள்ளாகக் குத்தும்.

ஜாடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே வீட்டில் சில வருஷம் வளரட்டும். அம்மாவைப் போலவே வாயைப் பொத்திச் சிரிக்கும். அப்பாவைப் போலவே செருப்பைத் தேய்த்து நடக்கும். பாட்டியைப் போலவே ரசத்தில் உப்பு இல்லை என்று முகம் சுளிக்கும்.

அதுவரையில், அப்படி ஒரு வீட்டுக்குத் தொட்டில் பார்க்கப் போனால், கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டுத் தாயாரைப் பார்த்து, “ராத்திரி தூங்க விடுகிறதா? நான் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன், நீ போய்க் கண் அயர்ந்துவிட்டு வா” என்று சொல்லிப் பாருங்கள்.